முதலாளிக்கு 'டிப்-ஆஃப்', நமக்குப் பல்லி!

சென்ற மாதம் மீஞ்சூரில் நண்பர்கள் கூட்டிய ஒரு சிறு கூட்டத்தில் பேசிவிட்டு, மறுநாள் காலையில் காட்டுப்பள்ளிப் பக்கம் போய்ப் பார்த்து வரலாமென்று கிளம்பினோம். வழியெல்லாம் லாரி. லாரிகள் நிற்கும் ரோட்டோரத்தில் ஒரு டீக்கடை. அங்கே நம்மை அடையாளங் கண்டுகொண்ட ஒரு தொழிலாளத் தோழர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சற்று நேரம் தயங்கிவிட்டு, "ஐயா, டிப்-ஆஃப், டிப்-ஆஃப்னு சொல்றாங்களே, அப்படின்னா இன்னாங்க?" என்று கேட்டார்.

"எங்கே கேள்விப்பட்டீர்கள் தோழரே?" என்றோம்.

"எங்க சூப்பர்வைசர் போன்ல பேசிக்கினு இருந்தாரு. டிப்-ஆஃப் வந்துடுச்சு, வியாழக்கிழமைன்னாரு. மறுநாளே எங்க எல்லாருக்கும் புது ஹெல்மெட்டு, பூட்ஸு, கையுறை குடுத்தாங்க. மருந்துப் பெட்டியில மருந்து வந்துது. வியாழக்கிழமை ஆபீசருங்க வந்து பாத்துட்டு எழுதிக்கினு போனாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாத்தையும் எண்ணித் திருப்பி வாங்கி ரூம்ல வெச்சுப் பூட்டிட்டாங்க. மருந்துப் பெட்டிக்கும் பூட்டு போட்டாச்சு."

எந்த ஆலை, எந்த இலாகா ஆபீசர் என்று நாம் எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஆலைக்கு ஒன்றும் வந்துவிடாது. இந்தத் தோழரின் வேலைதான் போகும். ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியது நமது கடமையாகும். டீக்கடையில் நாலு வார்த்தையில் சொன்னதைவிடக் கொஞ்சம் விவரமாகவே இங்கு எழுதுகின்றோம். நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது சொற்பம். இங்கிலீஷ் என்பது நாம் அகராதியைப் புரட்டிப் புரட்டித் தெரிந்துகொண்ட பாஷை. ஆகவே பண்டிதர்கள் சிரிக்கும்படியாக ஏதாவது இருந்தால் சிரித்துவிட்டு மேலே படிப்பார்களாக.

'டிப்' என்னும் இங்கிலீஷ் வார்த்தை பெரிய மனிதர்கள் வீட்டில் பிறந்ததல்ல. சுமார் 400 வருஷங்களுக்கு முன் இங்கிலாந்தில் திருடரும் நாடோடிகளும் தங்களுக்குள் பேசிக்கொண்ட குழூஉக்குறியில், 'கொடு', 'தள்ளு' என்ற பொருளில் அது வழங்கிற்று. நம் ஊரில் மாட்டுத் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதில்லையா, அதுபோல வெளியார்க்குத் தெரியாமல் ஒரு கூட்டத்தார் வைத்துக்கொண்ட பேச்சு அது. அதிலிருந்து கண்ணைச் சிமிட்டிச் சாடை காட்டுவதற்கு ஒரு பெயர் வந்தது. ஓட்டலில் சாப்பாடு போடுகிறவருக்குக் கொடுக்கும் 'டிப்ஸ்' வந்தது. குதிரைப் பந்தயத்தில் எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று காதோடு சொல்லும் 'டிப்' வந்தது. இந்த நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டு தொடங்கும் சமயத்தில், ஆபத்து வருகிறதென்று இரகசியமாய் முன்கூட்டித் தெரிவிப்பதற்கு 'டிப்-ஆஃப்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

'டிப்ஸ்' என்பதற்கு 'சீக்கிரம் வேலை நடப்பதற்காக' என்று பொருள்படும் மூன்று இங்கிலீஷ் வார்த்தைகளின் முதலெழுத்துக்கள்தான் காரணம் என்று ஒரு கதை கட்டி, அதை இன்றைக்கும் பல ஓட்டல்காரர்கள் பெருமையாய்ச் சொல்லுகிறார்கள். இது சுத்தப் புளுகு. மூலம் தெரியாத வார்த்தைக்கு ஒரு புராணம் எழுதிவிடுகிற வழக்கம் நம் தேசத்துக்கு மாத்திரம் சொந்தமில்லை என்பதைக் கண்டு நமக்குக் கொஞ்சம் ஆறுதல் உண்டாகிறது!

தமிழில் இதற்கு வார்த்தையில்லையா என்றால், தாராளமாய் இருக்கின்றது. 'காதைக் கடிப்பது' என்கிறோம். 'துப்புக் கொடுப்பது' என்கிறோம். 'உளவு சொல்வது', 'சாடை காட்டுவது' என்கிறோம். தினசரிப் பத்திரிகைகளில் "போலீசாருக்குக் கிடைத்த இரகசியத் தகவலின் பேரில்" என்று தினமும் ஒரு செய்தி வருகிறதே, அந்த இரகசியத் தகவலும் டிப்-ஆஃப்தான். ஆனால் தமிழில் ஒரு வித்தியாசம் உண்டு. திருடனைப் பற்றிப் போலீசுக்குச் சொன்னால் அதற்குத் 'துப்பு' என்று பெயர். போலீஸ் வருகிறதென்று திருடனுக்குச் சொன்னால் அதைத் துப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். 'காட்டிக்கொடுத்துவிட்டான்', 'உஷார் பண்ணிவிட்டான்' என்போம். இங்கிலீஷிலோ இரண்டுக்கும் ஒரே பெயர். யாருக்குச் சொல்லப்பட்டது என்பதை வைத்துத்தான் அது யோக்கியமான காரியமா, அயோக்கியத்தனமா என்று தெரியும். 'ஹெட்ஸ்-அப்' என்று ஆபீஸ்களில் வழங்கும் வார்த்தை வேறு. அது பத்துப்பேர் முன்னிலையில் 'நாளைக்கு வேலை அதிகமிருக்கும், ஜாக்கிரதை' என்று சொல்லுவது. டிப்-ஆஃப் என்றால் அதில் ஒளிவு இருந்தேயாகவேண்டும்.

இதைப் பேச்சுவழக்குக் கொச்சை என்று தள்ளிவிடுவதற்குமில்லை. இன்று அது சட்டத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது. இங்கிலாந்தில் 2002-ல் செய்த குற்ற வருமானச் சட்டத்தின்படி, 'உன் கணக்கைப் பற்றிச் சந்தேக ரிப்போர்ட் போயிருக்கிறது' என்று பாங்கு ஊழியர் ஒருவர் வாடிக்கைக்காரருக்குச் சொல்லிவிட்டால் அது தண்டனைக்குரிய குற்றம். அக்குற்றத்தின் பெயரே 'டிப்பிங்-ஆஃப்'. நமது ரிசர்வ் பாங்கு 2016-ல் வெளியிட்ட வாடிக்கையாளர் அடையாள உத்தரவிலும் அதே வார்த்தையைப் போட்டு, கூடாதென்று விதித்திருக்கின்றது. திருடர் பாஷை 400 வருஷத்தில் ரிசர்வ் பாங்கு பாஷையாகிவிட்டது. இன்னொரு பக்கம், சுங்க இலாகாவுக்குக் கடத்தல் சரக்கைப் பற்றித் துப்புக் கொடுப்பவர்களுக்கு, பிடிபட்ட சரக்கின் மதிப்பில் நூற்றுக்கு 20 வரையில் சர்க்காரே வெகுமதி கொடுக்கிறார்கள். ஆகவே காதைக் கடிப்பதென்பது விலையுள்ள சரக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டியதில்லை.

எவ்வளவு விலை என்பதற்கு ஒரு உதாரணம். கொழும்பில் பிறந்த தமிழரான ராஜ் ராஜரத்தினம் என்பவர் நியூயார்க்கில் 'கலியன்' என்ற பெரிய முதலீட்டு ஸ்தாபனம் நடத்தி வந்தார். 2008 செப்டம்பர் 23-ந் தேதி கோல்ட்மன் சாக்ஸ் பாங்கின் டைரக்டர்கள் போன் மூலம் கூடி, வாரன் பபெட் என்ற கோடீசுவரர் தங்கள் பாங்கில் 500 கோடி டாலர் போடுவதை ஒப்புக்கொண்டார்கள். அந்த டைரக்டர்களில் ஒருவர் நம் தேசத்தில் பிறந்த ரஜத் குப்தா. அந்தப் போனை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் ஆகுமுன் ராஜரத்தினத்துக்குப் போன் போட்டார். மார்க்கெட்டு மூடுவதற்குச் சில நிமிஷங்களே இருந்தன. அதற்குள் கலியனுக்குப் பங்குகள் வாங்கப்பட்டுவிட்டன. ராஜரத்தினத்துக்கு 2011-ல் 11 வருஷமும், குப்தாவுக்கு 2012-ல் 2 வருஷமும் சிறைவாசம் கிடைத்தது. இருவரும் ஏழைகளல்லர், படிப்பில்லாதவர்களுமல்லர். ஊருக்கு நாளைக்குத் தெரியப்போவதை நாம் இன்றைக்கே தெரிந்துகொள்ளவேண்டும் என்ற ஒரே ஆசைதான் அவர்களைச் சிறைக்கு அனுப்பிற்று.

நிற்க, அது பணக்காரர்கள் பணக்காரர்களை மோசம் செய்துகொண்ட சங்கதி. நம் டீக்கடைத் தோழரின் சங்கதி வேறு. அதில் போவது பணமல்ல, உயிர்.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாகாணத்தில் 'அப்பர் பிக் பிராஞ்ச்' என்று ஒரு நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. மாஸி என்ற கம்பெனிக்குச் சொந்தம். 2010 ஏப்ரல் 5-ந் தேதி பிற்பகல் சுரங்கத்துக்குள் மீத்தேன் வாயு தீப்பிடித்து, அங்கே அள்ளப்படாமல் கிடந்த கரித்தூளில் அந்தத் தீ பாய்ந்து வெடித்து, 29 தொழிலாளர்கள் மாண்டார்கள். அமெரிக்காவில் அதற்கு முந்தின சுமார் 40 வருஷத்தில் அவ்வளவு பெரிய நிலக்கரிச் சுரங்க விபத்து நடந்ததில்லை. பிறகு விசாரணை செய்தபோது என்ன தெரிந்ததென்றால், சர்க்கார் பரிசோதகர் காரில் வந்து வாசலில் இறங்கியவுடன், வாசல் காவலர்கள் ரேடியோவில் உள்ளே தகவல் கொடுத்துவிடுவார்களாம். உடனே பூமிக்கடியில் இருக்கும் போர்மன்களுக்கு டெலிபோன் போகும். பரிசோதகர் உடுப்பு மாற்றி, வண்டியேறி, மைல் கணக்கில் உள்ளே போய்ச் சேருவதற்குள், காற்றுத் திரையைச் சரிப்படுத்தி, கரித்தூளின் மேல் சுண்ணாம்புக்கல் பொடியைத் தூவி, நிறுத்தவேண்டிய இயந்திரத்தை நிறுத்தி எல்லாவற்றையும் 'சாஸ்திரோக்தமாக' வைத்துவிடுவார்கள். பரிசோதகர் வெளியே போனதும் பழைய குருடி கதவைத் திறடி!

அந்த நாட்டில் சுரங்கப் பரிசோதனையை முன்கூட்டித் தெரிவிப்பது 1977-ம் வருஷத்துச் சட்டப்படியே குற்றம். 6 மாதம் வரையில் சிறை உண்டு. சட்டம் இருந்தது. ஆனால் ரேடியோவும் இருந்தது. 29 பேர் செத்த பிறகுதான் அந்தச் சட்டத்துக்கு உயிர் வந்தது. காவல் தலைவர் பொய் சொன்னதற்கும் தஸ்தாவேஜுகளை அழிக்கப் பார்த்ததற்கும் 3 வருஷம் சிறை சென்றார். சுரங்க சூப்பரின்டென்டென்டு ஒருவர், டிப்-ஆஃப் கொடுத்தது உள்பட எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு 21 மாதம் பெற்றார். கம்பெனியின் பெரிய தலைவருக்குக் கிடைத்ததோ ஒரே வருஷம். மேலே போகப் போகத் தண்டனை மெலிந்துகொண்டே போவதை வாசகர்கள் கவனிப்பார்களாக.

இதில் மற்றொன்றைக் கவனிக்கவேண்டும். ரேடியோவில் தகவல் கொடுத்த காவலாளி யார்? அவனும் ஒரு கூலிக்காரன். உள்ளே கரித்தூளில் நின்றவனும் கூலிக்காரன். ஒரு கூலிக்காரனுடைய வாயைக்கொண்டே மற்றொரு கூலிக்காரனுடைய கண்ணைக் கட்டினார்கள். நம் ஆலைகளிலும் 'ஆபீசர் வருகிறார், மாஸ்க்கைப் போடு' என்று ஓடிவந்து சொல்லுகிறவன் பெரும்பாலும் நம்மவனாகவேதான் இருக்கின்றான். தான் எஜமானருக்கு வெகு விசுவாசமாய் நடந்துகொண்டதாக அவனுக்கு ஒரு சந்தோஷம் வேறு! அந்த மாஸ்க் மறுநாள் தன் முகத்தில் இல்லாமற் போனதைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை.

நம் தேசத்துச் சட்டம் இதில் பின்தங்கியதென்று சொல்லுவதற்கில்லை. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1947-ல் செய்த 81-வது உடன்படிக்கையில் இந்தியா 1949-லேயே கையெழுத்திட்டுவிட்டது. தொழிலாளர் பரிசோதகர் இரவானாலும் பகலானாலும் எந்த நேரத்திலும் முன்னறிவிப்பில்லாமல் ஆலைக்குள் போகலாம் என்று அதன் 12-வது பிரிவு சொல்லுகிறது. இதைவிட 15-வது பிரிவு அருமையானது. எந்தத் தொழிலாளி புகார் செய்தான் என்பதைப் பரிசோதகர் பரம இரகசியமாய் வைத்துக்கொள்ளவேண்டும். அதுமட்டுமல்ல, புகார் வந்ததனால்தான் வந்தேன் என்பதைக்கூட முதலாளிக்குச் சாடையாகவேனும் தெரிவிக்கக்கூடாது என்று அதில் கண்டிருக்கின்றது. அதாவது, தொழிலாளி சர்க்காருக்குக் கொடுக்கும் துப்பு இரகசியமாய் இருக்கவேண்டும். சர்க்கார் வருகிறதென்ற துப்பு முதலாளிக்குப் போகவே கூடாது. இதுதான் சட்டம். நடப்பது என்ன? இரண்டும் தலைகீழாய் நடக்கின்றன. புகார் செய்தவன் பெயர் மறுநாள் ஆலையில் எல்லோருக்கும் தெரிகிறது. ஆபீசர் வரும் தேதி அதற்கு முந்திய நாளே தெரிகிறது.

இதற்காகத்தான் 2014 அக்டோபரில் மத்திய சர்க்கார், பரிசோதகர் எந்த ஆலைக்குப் போகவேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரே சீட்டுக் குலுக்கிப் போடும், 72 மணி நேரத்துக்குள் ரிப்போர்ட்டு ஏற்றிவிடவேண்டும் என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கம்ப்யூட்டர் சீட்டைக் குலுக்கினாலும் சீட்டைப் படிக்கிறவன் மனிதன். அவன் சட்டைப்பையிலும் ஒரு போன் இருக்கிறது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதுத் தொழிற்சட்டத் தொகுப்பில் பரிசோதகருக்குப் பெயரே மாற்றி, 'பரிசோதகரும் வசதி செய்து கொடுப்பவரும்' என்று வைத்திருக்கிறார்கள். யாருக்கு வசதி என்பதை அனுபவத்தில்தான் பார்க்கவேண்டும்.

கீழேயிருந்து மேலே துப்புக் கொடுக்கிறவனுடைய கதி என்ன என்பதற்கு சத்யேந்திர துபே ஒருவரே போதும். தேசிய நெடுஞ்சாலை இலாகாவில் என்ஜினீயராய் இருந்த அவர், நாற்கரச் சாலை வேலையில் நடந்த ஊழலைப் பற்றி 2002-ல் பிரதம மந்திரிக்கே எழுதினார். என் பெயர் வெளியே வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடு ஆபீஸ் ஆபீசாய்ச் சுற்றியது. 2003 நவம்பர் 27-ந் தேதி விடியுமுன் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு 2014-ல் தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நிறைவேறிற்று. பத்து வருஷத்துக்கு மேலாகியும் அது காகிதத்தை விட்டு இறங்கவில்லை.

இது முதலாளிக்கும் சர்க்காருக்கும் நடுவே ஓடும் டிப்-ஆஃப். ஜனங்களாகிய நமக்கு என்ன டிப்-ஆஃப் கிடைக்கிறதென்று பார்ப்போம். நமக்கு இருக்கவே இருக்கின்றது பல்லி! ஊர்ப் பெயர் காட்டுப்பள்ளி என்பதனால் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எந்தப் பஞ்சாங்கத்தை வேண்டுமானாலும் பிரித்துப் பாருங்கள். கிழக்கே பல்லி கத்தினால் என்ன, தெற்கே கத்தினால் என்ன, தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று கிழமை வாரியாய் அட்டவணை போட்டிருக்கும். ஜோடியைக் கூப்பிடவும், தன் எல்லைக்குள் வேறு பல்லி வராதிருக்கவும் கத்துகிற ஒரு சிறு பிராணியின் சத்தத்தை, நமக்காக ஆண்டவன் அனுப்பிய இரகசியத் தகவலென்று நம்பி, புறப்பட்ட காரியத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொள்ளும் ஜனங்கள் இன்றும் இருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுவதைப் பற்றி நம் பாட்டிமார்களே பழமொழி சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அவர்களுக்கிருந்த புத்தி, போனில் ஜாதகம் பார்க்கிற பேரன்மாருக்கு இல்லை. பல்லி போதாதென்று கிளி ஜோசியம், குறி, கனவுப் பலன், குடுகுடுப்பைக்காரனின் ராத்திரி எச்சரிக்கை வேறு.

இத்தனை 'தகவல்' இலாகாக்கள் நமக்காக வேலை செய்துகொண்டிருக்க, 2004 டிசம்பர் 26-ந் தேதி என்ன நடந்தது? காலை 6 மணி 29 நிமிஷத்துக்கு சுமத்ரா பக்கத்தில் பூமி அதிர்ந்தது. ஹவாய்த் தீவிலுள்ள சுனாமி எச்சரிக்கை நிலையத்தார் கால் மணி நேரத்துக்குள் அதைக் கண்டுகொண்டார்கள். நம் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் நாகப்பட்டினத்திலோ பழவேற்காட்டிலோ ஒரு பல்லியும் கத்தவில்லை. ஒரு குறிகாரியும் வாய் திறக்கவில்லை. சர்க்காரும் வாய் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் மாத்திரம் சுமார் 8,000 பேர் செத்தார்கள்.

ஆனால் புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவர் கிராமத்தில் மட்டும் ஒருவரும் சாகவில்லை. ஏன்? அவ்வூர்ப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். செய்தியில் சுனாமி என்று கண்டவுடன் வீட்டுக்குப் போன் போட்டார். இதோ கடல் தண்ணீர் ஊருக்குள் வருகிறது என்றார்கள். ஓடுங்கள், ஊராருக்கும் சொல்லுங்கள் என்றார். அந்த ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், கடல் நிலையையும் மீன் விலையையும் ஒலிபெருக்கியில் சொல்லுவதற்காக ஒரு தகவல் நிலையம் வைத்திருந்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, பூட்டியிருந்தது. இரண்டு பேர் கதவை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பக் கூவினார்கள். சுமார் 3,600 ஜனங்கள் மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். வீடுகளும் படகுகளும் போயின, உயிர் போகவில்லை.

இங்கே வாசகர்கள் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். சிங்கப்பூரிலிருந்து வந்த அந்தப் போனும் முதலில் ஒரு டிப்-ஆஃப்தான். ஒரு மகன் தன் வீட்டாருக்கு மட்டும் காதோடு சொன்ன சேதிதான். அந்த வீட்டார் மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியிருந்தால் அவர்கள் மட்டும் பிழைத்திருப்பார்கள். காதில் வந்ததை ஒலிபெருக்கியில் போட்டதனால் ஊர் பிழைத்தது. பூட்டை உடைத்த அந்த இருவர்மீது நமக்கிருக்கும் மரியாதை வேறு யார் மீதும் இல்லை.

காதில் மட்டும் ஓதுவது என்பது நம் நாட்டில் வெகுகாலத்து வித்தை. குரு சீடன் காதில் ஓதுவார், சீடன் வேறு யாருக்கும் சொல்லக்கூடாது, சொன்னால் நரகம். திருக்கோஷ்டியூரில் இப்படிக் காதில் வாங்கிய மந்திரத்தை இராமானுஜர் கோபுரத்தின் மேலேறி நின்று எல்லோருக்கும் கேட்கும்படி கூவிவிட்டாராம். நான் ஒருவன் நரகத்துக்குப் போனால் போகிறேன் என்றாராம். இந்தக் கதை நடந்ததோ, கட்டினதோ, அந்த மந்திரத்தில் நமக்குக் காலணா பெறுமான நம்பிக்கையும் கிடையாது. ஆனால் மேலே ஏறிக் கத்தினாரே, அந்த ஒரு காரியம் நமக்குப் பிடித்திருக்கின்றது.

சுனாமி நடந்து சரியாக 19 வருஷம் கழித்து, அதே டிசம்பர் 26-ந் தேதி, 2023-ல், காட்டுப்பள்ளிக்குச் சற்றுத் தெற்கே எண்ணூரில் நள்ளிரவு நெருங்கும் சமயம் கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயிலிருந்து வாயு கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் தூக்கத்திலிருந்து மூச்சுத் திணறி எழுந்து, ஒருவரையொருவர் கதவைத் தட்டி எழுப்பி, குழந்தை குட்டிகளோடு ரோட்டுக்கு ஓடினார்கள். பல பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். காற்றில் 400 மைக்ரோகிராம் இருக்கவேண்டிய அம்மோனியா, ஆலை வாசலருகில் 2,090 இருந்ததாகப் பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. அந்த இரவில் ஜனங்களுக்குக் கிடைத்த முதல் எச்சரிக்கை எது? அவர்களுடைய மூக்கு. இரண்டாவது எச்சரிக்கை? பக்கத்து வீட்டுக்காரரின் கை. இதற்கு மூன்று வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாவற்றையும் கறுப்பாக்கியிருந்தது. அதற்கும் முன்னறிவிப்பில்லை.

போபாலிலும் இதேதான். 1984 டிசம்பர் 2-ந் தேதி இரவு யூனியன் கார்பைடு ஆலையில் விஷவாயு கிளம்பியபோது, ஊருக்குக் கேட்கும் சங்கை கொஞ்சம் ஊதிவிட்டு நிறுத்தி, ஆலைக்குள் கேட்கும் சங்கை மட்டும் ஒலிக்கவிட்டார்கள். சுவருக்கு உள்ளே எச்சரிக்கை; சுவருக்கு வெளியே தூக்கம். அந்தத் தூக்கத்திலேயே ஆயிரக்கணக்கான பேர் செத்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த சட்டங்களைத் தொழிலாளத் தோழர்களும் குப்பத்துத் தோழர்களும் மனப்பாடம் செய்துவைத்துக் கொள்ளவேண்டுமென்று ஆசைப்படுகிறோம். 1989-ம் வருஷத்து அபாயகர இரசாயன விதிகளில் 15-வது விதி என்று ஒன்று இருக்கிறது. அபாயமான சரக்கு வைத்திருக்கும் ஆலைக்காரர், சுற்றிலும் குடியிருக்கும் ஜனங்களுக்கு, இங்கே இன்ன சரக்கு இருக்கிறது, இதனால் இன்ன அபாயம் வரக்கூடும், வந்தால் இன்னது செய், இன்னது செய்யாதே என்று முன்கூட்டியே சொல்லித் தீரவேண்டும். ஆலைக்குள் ஆறு மாதத்துக்கொரு தடவையும், ஆலைக்கு வெளியே வருஷத்துக்கொரு தடவையும் ஒத்திகை பார்க்கவேண்டும். இது தயவல்ல, சட்டம். காட்டுப்பள்ளியிலும் கும்மிடிப்பூண்டியிலும் நாம் கேட்டவரையில், இந்த விதியைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பல்லி விழும் பலன் தெரிந்தவர்களோ வீட்டுக்கு இருவர் இருந்தார்கள்.

காட்டுப்பள்ளியின் கதையே இதற்கு ஒரு சாட்சி. கடலுக்கும் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்துக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் நடுவே கிடந்த மணல் திட்டு அது. 2010-ல் தினம் 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. எல் அண்டு டி கம்பெனியின் கப்பல் கட்டும் துறையும் துறைமுகமும் வந்தன. குப்பத்து ஜனங்கள் வேறிடத்துக்குப் பெயர்க்கப்பட்டார்கள். துறைமுகம் 2018-ல் அதானி கம்பெனியின் கைக்கு வந்தது. அதைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து சுமார் 6,100 ஏக்கராகப் பெருக்க வேண்டுமென்ற திட்டத்துக்கு 2021 ஜனவரி 22-ந் தேதியும், பிறகு 2023 செப்டம்பர் 5-ந் தேதியும் ஜனங்களிடம் கருத்துக் கேட்பதாகச் சொல்லி, இரண்டு தடவையும் எதிர்ப்பினால் ஒத்திவைத்தார்கள். இப்படிப்பட்ட கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டுமென்றும், திட்டத்தின் சுருக்கத்தை உள்ளூர்ப் பாஷையில் வைக்கவேண்டுமென்றும் 2006-ம் வருஷத்து அறிவிப்பு சொல்லுகிறது. துறைமுகம் வேண்டுமா, வேண்டாமா என்பது வேறு விவாதம். ஆனால் மீனவர்கள் அந்த இரண்டு தடவையும் கூட்டத்துக்கு முன்பே ஒன்றுகூடி எதிர்க்க முடிந்ததற்குக் காரணம், தேதி அவர்களுக்குப் பகிரங்கமாய்த் தெரிந்திருந்ததுதான். யாரும் வந்து காதைக் கடித்ததனால் அல்ல.

இவ்வளவையும் டீக்கடையில் சொல்ல நேரமில்லை. அந்தத் தோழரிடம், "ஆபீசர் வந்தபோது புது ஹெல்மெட்டு எத்தனை நாளாக இருக்கிறது என்று உங்களைக் கேட்டாரா?" என்று கேட்டோம்.

"கேட்டாருங்க. சூப்பர்வைசர் பக்கத்துல நின்னுக்கினு இருந்தாரு."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"ஆறு மாசமான்னேன்" என்று தலையைக் குனிந்துகொண்டார். வட நாட்டிலிருந்து வந்த பையன்களுக்கோ கேள்வியே புரியவில்லையாம். எல்லோரும் ஒரே குரலில் ஆமாம் போட்டார்களாம்.

அவர்மேல் நமக்குக் கோபமில்லை. ஒரு ஆள் தனியாய்ச் சொன்னால் அவன் பெயர் எழுதப்படும். நாற்பது பேர் சேர்ந்து சொன்னால் எத்தனை பெயரை எழுதுவான்? ஹெல்மெட்டைத் திருப்பி வாங்கும்போது, 'நாங்கள் கொடுக்கமாட்டோம்' என்று நாற்பது பேரும் தலையில் போட்டபடியே வீட்டுக்குப் போனால் என்ன ஆகிவிடும் என்று கேட்டுவிட்டு, நமது போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நேற்று இரவு அவரிடமிருந்து போன் வந்தது. மறுபடியும் புது ஹெல்மெட்டு கொடுத்திருக்கிறார்களாம். வருகிற புதன்கிழமையாம்.